பவுடர் கோடு

இந்தத் தீவில் எல்லாரும் எவ்வளவு ஆச்சு என்று கேட்கிற ஜாதி. எத்தனை மணி ஆச்சு, எத்தனை டாலர் ஆச்சு, எத்தனை வயசு ஆச்சு. எவ்வளவு மிச்சம் என்று மட்டுமே கேட்டுக்கொண்டு ஒரு மனிதர் இங்கே பதினோரு வருஷம் வாழ்ந்தார் என்றால், அது எங்கள் ஆபீஸ் மிச்சம் அண்ணன் ஒருவர்தான். அடித்துச் சொல்வேன். பந்தயம் கட்டுகிறவர்கள் தாராளமாக வரலாம்.

சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். யார் பார்த்தது? காலையில், "சாப்டீங்களாண்ணே?" என்று கேட்டால், "டப்பால ரெண்டு இட்லி மிச்சம்மா" என்பார். தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தவரிடம் லீவு எப்படி என்று விசாரித்தால், "ஒன்றரை நாள் மிச்சம்" என்பார். ஆபீஸ் காபிப் பவுடர் டின்னில் தினமும் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவார். ஒரு வாரம் கோடு வேகமாக இறங்கிவிட்டது. யார் அந்த மூன்றாவது கப் குடித்தது என்று கண்டுபிடிக்கும்வரை மனிதர் ஓயவில்லை. கடைசியில் அது நான்தான்.

எங்கள் ஆபீஸ் புக்கிட் பாத்தோக்கில், ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் நாலாம் மாடி. மொத்தம் ஏழு பேர். கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டியைச் செய்தோம். கப்பலின் அடித்தொட்டிக்குள் ஆள் இறங்கி வேலை செய்யும்போது காற்று கெட்டால் பெட்டி அலறும். அலறினால் ஆள் ஏறி வெளியே வந்துவிட வேண்டும். பெட்டிக்குள் நகத்தளவு ஒரு சிப்பு. அதில் ஓடும் புரோகிராம் முழுக்க மிச்சம் அண்ணன் எழுதியது. திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து பட்டறை எலக்ட்ரீஷியனாக வந்து, எங்களிடம் ரிப்பேர் வேலைக்குச் சேர்ந்து, தானே படித்து அந்த நாற்காலிக்கு வந்தவர். நான் ஈசூன்காரி. இங்கேயே பிறந்தவள். வாய் கொஞ்சம் நீளம். பெட்டியை டெஸ்ட் செய்வதும் டெஸ்ட் ஷீட்டில் டிக் போடுவதும் என் வேலை.

அண்ணனின் ஆயுதம், குழந்தைகளுக்குப் போடும் பவுடர் டின் ஒன்று. திங்கட்கிழமை காலை என் அலமாரித் தட்டு முழுக்கப் பவுடரைத் தூவிவிட்டுப் போவார். வெள்ளிக்கிழமை வந்து குனிந்து பார்ப்பார்.

"ஏம்மா, இங்கேருந்து இந்த ஓரம் வரைக்கும் வாரம் பூரா ஒரு விரல்கூடப் படலை பாரு. உனக்கு எதுக்கு இவ்ளோ இடம்?"

என் தட்டில் பாதி அன்றோடு பிரிண்டர் பேப்பருக்குப் போனது. நான் கத்தினேன். பவுடர் பொய் சொல்லாது என்றார். இன்னொரு வாரம் வரவேற்பறை சோபாவுக்கு வைத்தியம் நடந்தது. எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று பார்க்கத் தூவிய பவுடரில் எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, கறுப்புப் பேன்ட்டோடு உட்கார்ந்துவிட்டார். அப்படியே எழுந்து ஒரு பெரிய கம்பெனிக் கூட்டத்துக்குப் போய், வந்தவர்களுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு வெள்ளைப் பலகையில் அரை மணி நேரம் எழுதினார். திரும்பி வந்து அவர் பேசியது ஹொக்கியன் சீனத்தில் என்பதால் எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

குவீன்ஸ்டவுனில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டில் அதைவிட மோசம். வீட்டுக்கார ஆன்ட்டி ஒருநாள் குளியலறை வாசலில் வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு, "யாருக்குடா சூனியம் வைக்கிற?" என்று அலறிவிட்டார். சிராங்கூன் ரோட்டுக் கோவிலுக்கு இழுத்துப் போய், சூடத்தின் மேல் சத்தியம் வாங்கிய பிறகுதான் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். சூடம் அணைந்ததும் அண்ணன் தட்டைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கே, ஏன் அணைஞ்சுது?" என்று ஐயரைக் கேட்டாராம்.

பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். சிப்புக்குள்ளும் அவர் செய்தது இதேதான். அங்கே புரோகிராமின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தட்டு உண்டு. அலாரம் அடிக்கிற பகுதிக்கு ஒன்று, திரையில் எழுதுகிற பகுதிக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. அதற்கு ஸ்டாக் என்று பெயர். வேலை செய்யச் செய்யத் தட்டு நிறையும். நிறைந்து வழிந்தால் பக்கத்துத் தட்டை மிதிக்கும். பெரிய கம்ப்யூட்டரில் தாண்டி வருகிறவனைப் பிடிக்கக் காவல்காரன் இருப்பான். எங்கள் சிப்பு சின்னது. காவலுக்கு வசதி இல்லை. அதனால் அண்ணன் எல்லாத் தட்டுகளிலும் ஆரம்பத்திலேயே ஒரே எண்ணை நிரப்பிவைப்பார். அதுதான் பவுடர். ஓடி முடித்த பிறகு எவ்வளவு தூரம் கலைந்திருக்கிறது என்று பார்ப்பார். தட்டின் கடைசி ஓரம்தான் கோடு. அது கலைந்தால், அலாரம் பகுதி உயிரோடு இருக்கிறதா செத்ததா என்று கேட்காமல் பெட்டி தன்பாட்டுக்குக் கத்தவேண்டும். அப்படி எழுதிவைத்திருந்தார்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். தான் எழுதியதைத் தானே டெஸ்ட் செய்யமாட்டார். "பெத்தவனே பரீட்சைப் பேப்பர் திருத்துனா என்னம்மா ஆகும்? நீ ஓட்டு. ஓட்டி முடிச்ச பெட்டியைக் குடு. நான் பவுடரை மட்டும் பாக்கறேன்."

புது மாடலில்தான் வினை வந்தது. அதைக் கொண்டுவந்தது நான். பெட்டியின் திரையில் ஆபத்து வந்தால் 'கேஸ்! அவுட்!' என்று ஆங்கிலத்தில் மட்டும்தான் வரும். தவுக்கேயிடம் சண்டைக்குப் போனேன்.

"போடறவன்ல பாதிப் பேரு நம்ம தமிழ் ஆளு. அவங்களுக்குத் தமிழ்ல வரணும் பாஸ்."

"இங்லிஷ் போதும் லா. ரெண்டு வார்த்தைதானே."

"ரெண்டு வார்த்தையைப் படிக்கிறதுக்குள்ள ஆள் போயிடுவான்."

ஒரு வாரம் விடாமல் நச்சரித்து ஜெயித்தேன். தமிழ், ஆங்கிலம், சீனம், வங்காளம் என்று நாலு மொழி. தமிழ் வாசகம் நானே எழுதினேன்: 'நச்சுக் காற்று. வேலையை நிறுத்திவிட்டு உடனே மேலே ஏறி வெளியே வரவும்.' அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இங்கிலீஷ்ல ஒரு எழுத்துக்கு ஒரு இடம் போதும்மா. தமிழ்ல ஒரு 'கா' எழுத ஆறு இடம் வேணும். நீ காவியமே எழுதிருக்கே."

முணுமுணுத்துக்கொண்டே திரைப் பகுதியில் தமிழுக்காகப் பெரிய இடமாக ஒதுக்கினார். அவருக்கும் அதில் அக்கறை இருந்தது. முதல் நூறு பெட்டிகளும் போகிற பட்டறையில்தான் அவர் மச்சான் செல்வம் தொட்டிக்குள் இறங்குகிற வேலை பார்த்தார். "என் பொண்டாட்டிக்கு ஒரே தம்பிம்மா. அவனுக்கு எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நான் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது" என்று வாரத்துக்கு இரண்டு தடவை சொல்வார்.

ஒரு புதன்கிழமை மாலை. கூரியர்காரர் வாசலில் நிற்கிறார். தவுக்கே என் தலைக்கு மேலே நிற்கிறார். நான் பெட்டியை ஓட்டினேன். அலறியது. டெஸ்ட் ஷீட்டில் நாலு மொழிக்கும் நாலு டிக் போட்டு, பெட்டியை அண்ணனிடம் கொடுத்தேன். அவர் பவுடரைப் பார்த்தார். கோடு கலையவில்லை. தட்டில் மூன்றில் ஒரு பங்கு சுத்தமாகக் கிடந்தது.

"நிறைய மிச்சம்மா!" என்றார். 'நிறைய' என்ற வார்த்தையை அவர் வாயில் அன்றுதான் கேட்டோம். எங்களுக்குத் தெரிந்து முதல்முறையாக ஆபீசுக்கே கறிபாப், அதாவது கறி பப்ஸ், வாங்கிக் கொடுத்தார். பெட்டிகள் கிளம்பின.

சனிக்கிழமை மத்தியானம் தாண்டி நானும் அவரும் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். கறிபாப்புக்குப் பதில் மரியாதையாக என் செலவில் சாப்பாடு. கூட்டம் அதிகம். எதிரே ஓர் அங்கிள் வந்து உட்கார்ந்தார். அண்ணன் வழக்கம்போல உப்பை எடுத்து மேசையின் நடுவே எல்லை போட்டார். அங்கிள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கையை உப்புக்கு மேலே நீட்டி, தன் தே தாரிக் டீக் கிளாசை அண்ணனின் இலையோரம் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்க ஆரம்பித்தார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணே, உங்க வேலி பத்திரமா இருக்கு. ஆனா ஆள் உள்ள வந்துட்டாரு."

அண்ணன் சிரிக்கவில்லை. உப்பைப் பார்த்தார். கிளாசைப் பார்த்தார். பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

"கோடு கலையலை" என்றார். "தாண்டி வச்சிட்டான்."

"என்னண்ணே?"

"தமிழுக்குன்னு பெருசா இடம் ஒதுக்கினேன்ல? அது தட்டைத் தாண்டிப் பக்கத்துத் தட்டுக்குள்ள போயிருக்கும்மா. எழுத்து அந்தக் கடைசிலேருந்து ஆரம்பிச்சு இந்தப் பக்கமா வரும். இங்கிலீஷ்ல ரெண்டே வார்த்தை. அது பூராவும் அலாரத்தோட தட்டுல போய் விழும். கோடு இருக்கற இடம் வரைக்கும் எழுத்து வரவே வராது. நான் பவுடர் கலையலைன்னு சந்தோஷமா பாத்துட்டு இருந்தேன்."

"ஆனா நான் ஓட்டினப்ப அலறுச்சே?"

"முதல் தடவை அலறும். அலறி முடிக்கிறதுக்குள்ள திரை அதை மிதிச்சிருக்கும். ரெண்டாவது தடவை அலற ஆள் இருக்காது. பட்டறைல தெனம் காலைல ஒரு தடவை அலற வச்சுப் பாத்துட்டுத்தானே இறங்குவாங்க..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இரு. தமிழ்ல அப்படி ஆகாதே. உன் வாசகம் நீளம். அது கோட்டையும் சேத்து அழிச்சிருக்கணும். பெட்டி விடாம கத்திருக்கணும். நீ தமிழ் ஓட்டினப்ப கத்துச்சா?"

"இல்லண்ணே" என்றேன்.

பொய் இல்லை. கத்தவில்லைதான். தமிழில் நான் ஓட்டவே இல்லை. புதன்கிழமை ஆங்கிலத்தில் மட்டும் ஓட்டினேன். எழுத்து மாறினால் என்ன, வேலை ஒன்றுதானே என்று மற்ற மூன்று டிக்கையும் சும்மா போட்டேன். ஒரு வாரம் சண்டை போட்டு வாங்கிய தமிழை நானே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கவில்லை.

அண்ணனின் முகம் குழம்பியது. "கத்தலையா? அப்ப நான் சொல்றதுதான் தப்பா இருக்கணும்" என்றார். கையைத் துடைத்துவிட்டு, பில் காகிதத்தின் பின்னால் எண்களை எழுத ஆரம்பித்தார். கூட்டினார், அடித்தார், மறுபடி கூட்டினார். நான் எதிரே உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எனக்கு வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா? அது அன்று திறக்கவில்லை. கால் மணி நேரம் போனது. பிறகு அவர் காகிதத்தைக் கசக்கினார்.

"கணக்கு எப்படியோ போகட்டும். செல்வம் உள்ள இருக்கான். வா."

டாக்சியில் ஏறியதும் மச்சானுக்குப் போன் போட்டார். தொட்டிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அது லாக்கரில் அடித்துக்கொண்டே இருந்தது. தவுக்கேவுக்குப் போட்டார். தவுக்கே பட்டறை ஆபீசுக்குப் போட்டார். எல்லாரையும் மேலே கூப்பிடுகிறோம் என்றார்களாம். நாங்கள் பட்டறை வாசலுக்குப் போய் இறங்கியபோது, காவலாளி கூண்டுக்குப் பக்கத்தில் செல்வம் தரையில் உட்கார்ந்திருந்தார். தலையில் ஈரத்துண்டு. மடியில் பெட்டி. அது விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"மாமா" என்று அழுதார்.

உயிரோடு இருக்கிற மச்சானைப் பார்த்து யாரும் கட்டிப் பிடித்திருப்பார்கள். அண்ணன் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "உள்ள மிச்சம் எத்தனை பேரு?"

"முருகேசன் மட்டும், மாமா."

அறந்தாங்கிக்காரர் முருகேசன், செல்வத்தின் ஜோடி. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இறங்கியிருக்கிறார்கள். செல்வம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பித்தானை அமுக்கிப் பார்த்து, பெட்டியைத் தமிழுக்கு மாற்றியிருக்கிறார். முருகேசன் மாற்றவில்லை. காற்று கெட்டதும் செல்வத்தின் பெட்டியில் என் நீளமான வாசகம் கோட்டையும் அழித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. பெட்டி கத்தியிருக்கிறது. முருகேசனின் பெட்டி காலையிலேயே அலறி முடித்துச் செத்துப்போனது.

"ஏறுடான்னு கத்தினேன் மாமா. அவன் தன் பெட்டியைத் தட்டிக் காட்டறான். என்னுது சும்மாதானே இருக்கு, உன்னுதுதான் கெட்டுப்போச்சு, மாத்திட்டு வான்னு சொல்றான். எனக்கும் அதான்னு தோணுச்சு. மாத்தத்தான் ஏறினேன். பாதி ஏணில காலு மடங்கிருச்சு, அப்பதான் புரிஞ்சுது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்தது. முருகேசனின் நெஞ்சில் எங்கள் பெட்டி. திரையில் இரண்டே இரண்டு ஆங்கில வார்த்தைகள் மின்னிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை.

நூறு பெட்டிகளும் அன்று மாலைக்குள் திரும்பி வந்தன. முருகேசன் பிழைத்தார். மூளைக்குக் காற்று போகாமல் இருந்த நேரம் அவரிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டு போய்விட்டது. இடது கை வரவில்லை. மனைவி பெயர் தெரியவில்லை. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். நான் கழிவறைக்குப் போய்விட்டேன். எவ்வளவு சீக்கிரம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கால் மணி நேரம் என்று சொல்லிவிட்டால்?

அண்ணன் வேலை முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போவார். முருகேசனின் தண்ணீர்ப் பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு, எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பார். நர்சுகள் முதலில் திட்டினார்கள், பிறகு அந்தக் கோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டார்கள். தினமும் பெயர் கேட்பார். பெண்டாட்டி பெயர், மகள் பெயர், ஊர்ப் பெயர். "இன்னிக்கு ஒண்ணுகூட வரலைம்மா" என்பார் என்னிடம். இரண்டு வாரம் கழித்து ஒருநாள், "மக பேரு வந்துருச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். அண்ணன் ஒரே பக்கம் எழுதிக் கொடுத்தார். அளக்கிற முறை தப்பு, முறை என்னுடையது, பொறுப்பு என்னுடையது. டெஸ்ட் ஷீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. எந்தெந்த மொழியில் ஓடியது என்று டெஸ்ட் பெட்டிக்குள்ளேயே பதிவாகும். அவர் அதைத் திறந்து படித்ததைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். படித்தார், மூடினார், கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

முருகேசனை ஊருக்கு அனுப்பினபோது, அண்ணன் வேலையை விட்டுவிட்டுக் கூடவே கிளம்பினார். தவுக்கே எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவரை நிறுத்திச் சொன்னேன்.

"அண்ணே, அந்தத் தமிழ் டெஸ்ட். நான் ஓட்டவே இல்லை."

"தெரியும்."

"ஏண்ணே யார்கிட்டயும் சொல்லலை?"

"நீ மூணு டிக்கு பொய்யா போட்டே. நான் இத்தனை வருஷம் கோட்டைத் தாண்ட முடியாதுன்னு நம்பினேன். எதைம்மா சொல்றது?"

"என் மேல கோவம் இல்லையா?"

"இருக்கு" என்றார். "நிறைய மிச்சம் இருக்கு." நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆறு மாதம் ஒரு செய்தியும் இல்லை. பிறகு வாரத்துக்கு ஒருமுறை போனில் வெறும் எண் மட்டும் வரும். ஏழு. ஒன்பது. பதினாலு. முருகேசன் அந்த வாரம் தானாகச் சொன்ன பெயர்களின் எண்ணிக்கை. போன வாரம் எண்ணோடு ஒரு குரல் செய்தியும் வந்தது.

"இருபத்திரெண்டும்மா. அதுல உன் பேரும் ஒண்ணு. நான்தான் சொல்லிக் குடுத்தேன். பெட்டில தமிழ் வரணும்னு சண்டை போட்டது யாருன்னு கேட்டா, டக்குன்னு உன் பேரைச் சொல்றான். அதனாலதான் செல்வம் பொழைச்சான்னு சொன்னேன், சிரிச்சான்."

அந்தச் செய்தியை ரயிலில் கேட்டேன். ஈசூனில் இறங்காமல் கடைசி நிலையம்வரை போய்விட்டேன். எனக்கு அவ்வளவு நல்ல பெயரை வாங்கிக் கொடுத்தவர் ஆயுளிலேயே அவர் ஒருவர்தான். அதற்கு நான் லாயக்கில்லை என்று தெரிந்தே வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

அண்ணே, நல்ல பாதியை மட்டும்தான் நீங்கள் அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். மிச்சத்தை நான் இங்கே எழுதிவிட்டேன். இந்த இதழ் கைக்கு வந்ததும் முருகேசன் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் என் பெயர் அந்தக் கணக்கில் இருந்தால், எண்ணை மட்டும் அனுப்புங்கள், போதும்.